லிஃப்ட் போட்ட பழைய பிக்கப்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய பிக்கப்புக்கு லிஃப்ட் போடுபவர்களில், அதாவது சஸ்பென்ஷனில் மாற்றம் செய்து வண்டியைத் தூக்கி நிறுத்துபவர்களில், அழகுக்காகப் போடுபவர்கள் குறைவு. பாகூர் வயல்களுக்கு நடுவே போகும் மண்பாதை, நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் கொல்லை, மழை பெய்தால் நாள்கணக்கில் தண்ணீர் வடியாத புறநகர்த் தெரு என்று காரணம் பிழைப்போடு ஒட்டியிருக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டொரு நாளில் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரின் ஓரத்துக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அதன் பிறகு "வண்டிய ரெண்டு இன்ச் தூக்கிக் குடுங்கண்ணே" என்ற பேச்சு ஒர்க்‌ஷாப்களில் அதிகம் காதில் விழுகிறது.

தூக்குவது பெரிய வேலை இல்லை. தொல்லை அடுத்த வாரம் தொடங்கும். உதறல், ஒரு பக்க இழுப்பு, அடியில் சத்தம், பிரேக்கில் தளர்வு. உடனே கிராஸை (ஷாஃப்டின் முனையில் வளைந்து சுற்றவிடும் இணைப்பு) மாற்று, பேரிங்கை மாற்று, ஷாக்கை மாற்று என்று செலவு ஓட ஆரம்பிக்கும். கொஞ்சம் பொறுங்கள். லிஃப்ட் போட்ட கையோடு வந்த கோளாறு என்றால், அது பெரும்பாலும் தேய்ந்த பாகத்தால் வந்ததல்ல. மாறிப்போன கோணத்தால் வந்தது. சேஸி மேலே போனால் அடியில் இருக்கும் ஒவ்வொரு ராடும் ஷாஃப்டும் கொஞ்சம் சாயும். எந்தச் சாய்வு எந்த அறிகுறியைக் காட்டும் என்று தெரிந்துகொண்டால் வீண் செலவு குறையும்.

கீழே சொல்வதெல்லாம் பின்னால் பட்டை ஸ்பிரிங்கும், முன்னால் பட்டை ஸ்பிரிங்கோ டார்ஷன் பாரோ (முறுக்கில் பாரம் தாங்கும் இரும்புக் கம்பி) உள்ள பழைய வண்டிகளுக்கு. உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று அடியில் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

எதையும் கழற்றும் முன்

சஸ்பென்ஷன் லிஃப்ட் சேஸியையும் பாடியையும்தான் உயர்த்துகிறது. ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். கிரௌன் ஹவுசிங்குக்கும் (பின் ஆக்சிலின் நடுவே உருண்டையாகத் தெரியும் கியர் பெட்டி) தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட அதிகமாவதில்லை. அதை அதிகமாக்குவது டயர் மட்டும்தான். 215/75 ஆர்15 டயரிலிருந்து 235/75 ஆர்15க்கு மாறினால் விட்டம் 30 மி.மீ. கூடும், ஆக்சில் உயர்வது அதில் பாதி, 15 மி.மீ. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62க்கு மேல் போய்க்கொண்டிருக்கும் என்பதும் அதோடு சேர்ந்து வரும்.

வெள்ளத்துக்குப் பயந்து லிஃப்ட் போடுபவர்கள் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏர் ஃபில்டரின் வாய் 2 இன்ச் மேலே போகும், சரி. ஆனால் வீல் பேரிங், பிரேக் டிரம், ஆக்சிலின் பிரீதர் (காற்று போய்வரும் துளை) எல்லாம் பழைய ஆழத்திலேயே நனையும். ஓடிச் சூடான ஹவுசிங் திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். பிரீதரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, சேஸிக்கு மேலே கொண்டுபோய்க் கட்டிவிடுவது லிஃப்டைவிட மலிவான, அதைவிடப் பலன் தரும் வேலை.

இன்னொன்று. பல வருடம் லோடு அடித்த பட்டை ஸ்பிரிங் தளர்ந்து வளைவு இழந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டி ஒரு இன்ச்சுக்கு மேல் இறங்கியிருப்பது சாதாரணம். லோடு இல்லாமல் நிற்கும்போதே பட்டை தட்டையாகத் தெரிந்தால், உங்களுக்குத் தேவை லிஃப்ட் கிட் அல்ல, புதுப் பட்டை செட். அதைப் போட்டாலே தொலைந்த உயரம் திரும்பிவிடும். கோணங்கள் கம்பெனி வைத்த இடத்துக்கு வரும். கீழே சொல்லும் தொல்லைகள் பாதிக்கு மேல் தலைகாட்டாது. பழைய பட்டையையே பழுக்கக் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள். முறையாக டெம்பர் செய்ய, அதாவது எஃகைப் பதப்படுத்த, தெரிந்த பட்டறையாக இருந்தால் மட்டும் கொடுங்கள். டெம்பர் போன பட்டை சில மாதத்தில் மறுபடி படுத்துவிடும்.

அளவு எடுப்பதைத் தவிர்க்கவே முடியாது. தரையிலிருந்து அளக்காதீர்கள், டயரில் காற்று குறைந்திருந்தால் கணக்கு தப்பும். வீல் ஹப்பின் நடுவிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் வளைவின் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வண்டியை அப்படியே திருப்பி நிறுத்தி இன்னொரு முறை அளவு எடுங்கள். தாழ்ந்த பக்கம் மாறிவிட்டால் சாய்வு தரையில் இருக்கிறது, வண்டியில் இல்லை.

கடற்கரைப் பக்க வண்டிகளுக்கு இதற்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. கடலூர் முதுநகர் துறைமுகத்திலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் மீன் ஏற்றும் பிக்கப்களில், ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தொட்டியின் பின்மூலையில் வழிந்து, நேராகப் பின் ஸ்பிரிங் ஹேங்கர் (பட்டையைச் சேஸியில் பிடித்திருக்கும் பிராக்கெட்) மேல் சொட்டும். மேலே பெயின்ட் நன்றாகத்தான் இருக்கும். ஹேங்கரும் சேஸியும் சேரும் மடிப்பில் ஸ்க்ரூடிரைவர் நுனியை விட்டு நெம்பிப் பாருங்கள். துரு பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து வந்தால் அங்கே இரும்பு பாதிதான் மிச்சம். சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று கேட்கும், அரித்த இடம் மொத்தென்று கேட்கும். அந்தச் சேஸிக்கு லிஃப்ட் வேண்டாம். முதலில் அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள். தெரிந்தவரிடம் காட்டாமல் அதன் மேல் ஒரு பிளேட்டை வைத்து வெல்டிங் அடித்து மூடுவது ஆபத்து.

கிளட்சை விட்டதும் பின்பக்கம் உதறுகிறது

லோடோடு முதல் கியரில் கிளம்பும்போது, அல்லது மேட்டில் ஏறும்போது, பின்னால் தடதடவென்று குதித்து, வேகம் எடுத்ததும் நின்றுவிடுகிறதா? கிளட்ச் பிளேட்டைக் குறை சொல்லும் முன், பின் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பிளாக் (ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே செருகும் இரும்புக் கட்டை) வைத்துத் தூக்கிய வண்டியில் இது அடிக்கடி வரும். எஞ்சின் சக்தி வரும்போது ஆக்சில் தன்னைத்தானே திருப்பிக்கொள்ளப் பார்க்கும். பட்டைதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. நடுவே பிளாக் வந்ததும் ஆக்சிலுக்கு நெம்புகோல் நீளம் கூடிவிடுகிறது. பட்டை ஆங்கில எஸ் எழுத்துபோல முறுக்கி, விட்டு, மறுபடி முறுக்கும். அதுதான் அந்த உதறல்.

நிச்சயப்படுத்த ஒரு வழி இருக்கிறது. முன் வீல்களின் முன்பக்கம் கனமான கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் (இழுத்தால் முறுக்கு ஆக்சிலுக்குள்ளேயே அடங்கிவிடும்), ஒருவர் முதல் கியர் போட்டுக் கிளட்சை மெதுவாகப் பிடிமானம் வரும் வரை மட்டும் விடட்டும். பக்கவாட்டில் தள்ளி நின்று, ஷாஃப்ட் வந்து சேரும் கிரௌனின் மூக்கைப் பாருங்கள்; போனில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ அடியிலோ யாரும் இருக்கக்கூடாது. மூக்கு கண்ணுக்குத் தெரியும்படி மேலே எழும்பினால் கோளாறு இதுதான்.

சின்ன பிளாக்காக இருந்தால், பட்டையையும் ஆக்சிலையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டை முறையாக இறுக்கிய பிறகே உதறல் அடங்கிவிடலாம். அடங்காவிட்டால் பிளாக்கை எடுத்துவிட்டு, அதே உயரத்தைப் பட்டையின் வளைவில் கொண்டுவர வேண்டும். பிளாக் மேல் பிளாக் அடுக்கியிருந்தால் அன்றைக்கே கழற்றுங்கள். மரக்கட்டை, குழாய்த் துண்டு, அடுக்கிவைத்த தகடு எதுவும் பிளாக் ஆகாது. முன் ஆக்சிலில் பிளாக் என்பதே கூடாது. பிரேக் பிடிக்கும்போது அதன் மேல் விழும் முறுக்கு அதைப் பிதுக்கி வெளியே தள்ளப் பார்க்கும்.

வேகம் பிடித்ததும் அடியில் அதிர்வு

இதற்குத்தான் வீணாகப் பணம் அதிகம் போகிறது. கண்ணாடி நடுங்கும், சீட்டுக்கு அடியில் ரீங்காரம் கேட்கும், கியர் லீவர் கை கூசும்.

முதலில் எஞ்சினா, ஓட்டமா என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதிர்வு வரும் வேகத்தில் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து வண்டியை உருளவிடுங்கள். அதிர்வு சட்டென்று நின்றால் எஞ்சின் மவுண்டிங் பக்கம் போங்கள். நிற்காமல் வேகத்தோடு சேர்ந்து குறைந்தால் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் நீளத் தண்டு) அல்லது டயர். முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போட்டும் அதிர்வு அதே இடத்தில் இருந்தால் ஷாஃப்ட்தான்.

அடுத்த சோதனைக்குக் கருவியே வேண்டாம். தொட்டியில் மணல் மூட்டையோ சிமெண்ட் மூட்டையோ ஏற்றி, வண்டி பழைய உயரத்துக்கு இறங்கும் அளவுக்கு லோடு வைத்து அதே சாலையில் ஓட்டுங்கள். அதிர்வு காணாமல் போய்விட்டால் கிராஸ் நன்றாக இருக்கிறது, ஷாஃப்டும் நேராக இருக்கிறது, தப்பு கோணத்தில்தான். புதுக் கிராஸ் வாங்கும் முன் ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய சோதனை இது.

ஏன் என்று சொல்கிறேன். கிராஸ் வளைந்த நிலையில் சுற்றும்போது ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். இரண்டு முனையிலும் கோணம் சமமாக இருந்தால், ஒரு முனையில் வந்த ஏற்ற இறக்கத்தை மறுமுனை அடித்துவிடும். அதனால்தான் ஷாஃப்டைப் பூட்டும் முகங்களான கியர்பாக்ஸின் ஃப்ளாஞ்சும் கிரௌனின் ஃப்ளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்பது. இந்த ஏற்ற இறக்கம் கோணத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும்: 3 டிகிரி 6 ஆனால் அதிர்வு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. ஒரு மீட்டர் நீள ஷாஃப்டின் ஒரு முனையை 2 இன்ச் உயர்த்தினால் மட்டுமே ஏறத்தாழ 3 டிகிரி சாய்வு கூடிவிடும். ஆகவே 2 இன்ச்சுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம்; காரணம் இந்தக் கணக்குதான்.

நீள வீல்பேஸ் பிக்கப்களில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக, நடுவே சென்டர் பேரிங்கோடு வரும். முன் துண்டு சேஸியோடு சேர்ந்து மேலே போய்விடும். மொத்தச் சாய்வும் பின் துண்டின் தலையில் விழும். அங்கே சென்டர் பேரிங் பிராக்கெட்டுக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவே இரும்பு ஸ்பேசர் வைத்துப் பேரிங்கைக் கொஞ்சம் இறக்கினால், சாய்வு இரண்டு துண்டுக்கும் பங்காகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஓட்டிப் பாருங்கள். அதிகம் இறக்கினால் கியர்பாக்ஸ் பக்கத்துக் கிராஸில் அதே தொல்லை முளைக்கும்.

கோணத்தை அளக்க, காந்தம் ஒட்டும் ஆங்கிள் கேஜ் இருந்தால் போதும். வண்டி நான்கு டயரிலும் நிற்கும்போது அளக்க வேண்டும், ஜாக்கியில் தொங்கும்போது அல்ல. கிரௌனின் மூக்கு இணைநிலையைவிட ஒரு டிகிரி கீழே பார்த்திருப்பது நல்லது. ஓட்டத்தில் சக்தி வந்ததும் அது எழும்பிச் சரியான இடத்துக்கு வந்துவிடும். திருத்த வேண்டியிருந்தால் பட்டைக்கும் ஆக்சில் இருக்கைக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைப்பார்கள். நசுங்கும் அலுமினிய ஆப்பை லோடு வண்டிக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஷாஃப்டைக் கழற்றி மாட்டியவர்கள் குறி போட்டுக் கழற்றினார்களா? ஷாஃப்டின் இரண்டு பகுதியும் பற்களால் கோத்துக்கொள்ளும் ஸ்பிளைனை ஒரு பல் தள்ளி மாட்டினால் இரண்டு முனைக் கிராஸும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதிர்வு போகாது. அப்புறம், உயரம் கூடியதால், ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடம் தரும் ஸ்லிப் ஜாயிண்ட் வெளியே இழுபட்டிருக்கும். இதுவரை உள்ளே இருந்த பளபளப்பான பகுதி எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பாருங்கள். பிடிமானம் குறைந்த ஸ்பிளைன் சத்தம் போடும், சீக்கிரம் தேயும். ரொம்பக் குறைந்தால் பள்ளத்தில் கழன்றே வந்துவிடும்.

"அண்ணே, வண்டி நேரா போக மாட்டேங்குது"

ஓட்டுநர்கள் இந்த ஒரே வாக்கியத்தை மூன்று வெவ்வேறு கோளாறுக்குச் சொல்வார்கள். கேட்டுப் பிரிக்க வேண்டும்.

ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கிறது, ஆனால் வண்டி நேராகப் போகிறது என்றால் விஷயம் சின்னது. டிராப் ஆர்மிலிருந்து (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து தொங்கும் கை) வீலுக்குப் போகும் ராடு சாய்ந்ததால் அதன் எட்டும் தூரம் மாறியிருக்கிறது. அந்த ராடின் அட்ஜஸ்டரைத் திருகி நீளத்தைச் சரிசெய்யுங்கள். ஸ்டியரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பார்க்க நேராகிவிடும், ஆனால் ஸ்டியரிங் பாக்ஸ் அதன் நடு நிலையிலிருந்து தள்ளியே வேலை செய்துகொண்டிருக்கும். ஒரு பக்கம் திருப்பம் குறையும், நேராக ஓட்டும்போது ஆட்டம் தெரியும்.

மேடு பள்ளத்தில் மட்டும் ஸ்டியரிங் தானாக வெட்டுகிறது என்றால், அதே ராடின் சாய்வு அதிகமாகிவிட்டது. ஆக்சில் ஏறி இறங்கும் பாதையும் ராடு சுழலும் பாதையும் ஒத்துப்போகவில்லை. அலைன்மெண்டில் இது தீராது. அந்த வண்டிக்கென்று வரும் நீளமான டிராப் ஆர்ம் கிடைத்தால் போடலாம். கிடைக்காவிட்டால் உயரத்தைக் குறையுங்கள். டிராப் ஆர்மை வெட்டி ஒட்டி நீட்டித் தரும் வேலைக்கு ஒருநாளும் சம்மதிக்காதீர்கள். அது ஒடிந்தால் கையில் ஸ்டியரிங் வீல் மட்டும்தான் மிஞ்சும்.

மூன்றாவது, வண்டி அலைபாய்கிறது, திருப்பத்திலிருந்து ஸ்டியரிங் தானாகத் திரும்புவதில்லை. இது கேஸ்டர் குறைவு. முன் வீல் திரும்பும் அச்சான கிங் பின்னின் மேல்முனை கொஞ்சம் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால்தான் வீல் தானாக நேராகும். முன் பட்டைக்கு நீளமான ஷேக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேஸியோடு இணைக்கும் ஆடும் தகடு) போட்டுத் தூக்கியிருந்தால், ஷேக்கிள் எந்த முனையில் இருக்கிறது என்று பாருங்கள். முன்முனையில் இருந்தால் கேஸ்டர் குறையும், பின்முனையில் இருந்தால் கூடும். இங்கே ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: ஷேக்கிளை 2 இன்ச் நீட்டினால் வண்டி ஒரு இன்ச்தான் உயரும், ஏனென்றால் ஆக்சில் பட்டையின் நடுவில் இருக்கிறது. இது தெரியாமல் 4 இன்ச் நீட்டிப் போட்டு முன்பக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். குறைந்த கேஸ்டரை ஆப்பு வைத்து மீட்கலாம். பட்டை ஆக்சிலுக்கு மேலே உட்காரும் அமைப்பில் ஆப்பின் தடித்த முனை பின்பக்கம் வர வேண்டும். பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருந்தால் நேர் எதிர். கடைசியாக வீல் அலைன்மெண்ட் கட்டாயம்.

லேசாக இடப்பக்கம் ஒதுங்குவதை மட்டும் கோளாறு என்று எடுக்க வேண்டாம். சாலையின் நடு மேட்டினால் எல்லா வண்டியும் கொஞ்சம் ஒதுங்கும். சட்டென்று பிடித்து இழுத்தால், ஓட்டி நிறுத்திய கையோடு நான்கு ஹப்பிலும் கையை அருகே கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அது வந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன்பக்கம் முழுவதும் வெறிபிடித்ததுபோல ஆடி, வேகத்தை நன்றாகக் குறைத்தால் மட்டுமே அடங்குவது. முன்னால் இரண்டு வீலையும் இணைக்கும் ஒரே திடமான ஆக்சில் உள்ள வண்டிகளில் வரும். கோணம்தான் காரணம் என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு. கிங் பின், டை ராட் எண்டு, வீல் பேரிங் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். கேஸ்டர் மாறியதும் அந்தத் தேய்மானம் வெளியே வந்துவிடும். ஒருவர் ஸ்டியரிங்கை இடவலமாக ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு ஜாயிண்டிலும் கை வைத்துப் பார்த்தால் ஆட்டம் எங்கே என்று விரல் சொல்லிவிடும். ஆடும் ஒவ்வொன்றையும் மாற்றாமல் சாலைக்கு எடுக்காதீர்கள்.

பள்ளத்தில் இறங்கும்போது முன்னால் "டங்"

டார்ஷன் பார் உள்ள வண்டிகளில் போல்ட்டைத் திருகியே உயரம் ஏற்றிவிடலாம் என்பதால், செலவில்லாத லிஃப்ட் என்று ஆசை வரும். திருகினால் பார் கெட்டியாவதில்லை. வீலைச் சேஸியோடு பிணைக்கும் ஆர்ம் நிற்கும் இடம் மட்டும் கீழே இறங்குகிறது. வீல் கீழே போக மிச்சமிருக்கும் தூரம் சுருங்குகிறது. வேகத்தடை தாண்டி இறங்கும்போது மேல் ஆர்ம் அதன் ரப்பரில் போய் இடிக்கும். அந்த "டங்" அதுதான். ஷாக்கை மாற்றினால் போகாது. வண்டி நிற்கும்போது ஆர்முக்கும் அந்த ரப்பருக்கும் நடுவே நல்ல இடைவெளி தெரியும்வரை போல்ட்டைத் தளர்த்துங்கள்.

போல்ட்டைத் தொடும் முன் சேஸியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, வீலைத் தொங்கவிடுங்கள். பாரத்தோடு திருகினால் மரை போய்விடும். இறக்கிய உடனே அளக்காதீர்கள். வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டினால்தான் டயர் விரிந்து வண்டி தன் உயரத்துக்கு வரும். உயரம் மாறினால் டோவும் கேம்பரும் (வீல் உள்ளேயோ வெளியேயோ பார்த்துத் திரும்பியும் சாய்ந்தும் நிற்கும் அளவுகள்) மாறும். அலைன்மெண்ட் செய்யாமல் விட்டால் முன் டயரின் ஒரு ஓரம் மட்டும் மழமழவென்று தேயும்.

சத்தங்கள்

ஏறி இறங்கும்போது கிரீச்சென்ற சத்தம், புதுப் புஷ் போட்டும் போகவில்லை: பட்டையின் கண் போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டையும் ஆக்சில் தொங்கும்போதே முழுசாக இறுக்கியிருப்பார்கள். வண்டி இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். எல்லாவற்றையும் தளர்த்தி, வண்டி தன் சொந்த எடையில் நான்கு டயரிலும் நிற்கும்போது இறுக்குங்கள்.

கிளம்பும்போதும் பிரேக் அடிக்கும்போதும் ஒரே ஒரு "டக்": இது அவசரம். பட்டைகளை நடுவே கோத்திருக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் இருக்கையின் குழிக்குள் உட்காரவில்லை, அல்லது வெட்டுப்பட்டுவிட்டது. ஆக்சில் முன்னும் பின்னும் நகர்கிறது. முன் ஹப்பிலிருந்து பின் ஹப் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்துப் பாருங்கள். ஸ்டியரிங் நேராக இருக்க, அளவு வேறுபட்டால் வண்டியை நிறுத்திவிட்டு யூ போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்.

யூ போல்ட்டைப் பற்றி. பழையதைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இழுபட்டு இறுகிய போல்ட்டின் மரை அடுத்த முறை அதே பிடிமானத்தைத் தராது. சாதாரணக் கம்பியை வளைத்து மரை போட்டுத் தருவதையும் வாங்காதீர்கள்; ஹை டென்சைல் என்று கேட்டு வாங்குங்கள். குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக, வண்டியின் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்க வேண்டும். 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, முதல் முழு லோடு அடித்ததும் ஒருமுறை, 500 கி.மீ.யில் ஒருமுறை மறுபடி டார்க் வையுங்கள். பட்டைக்குப் பக்கத்தில் வெல்டிங் வேலை நடந்தால் ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். தீப்பொறி பட்ட இடத்தில் டெம்பர் போய், பட்டை அங்கேதான் உடையும்.

பிரேக் முன்போல் பிடிக்கவில்லை

பல பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து சேஸிக்கு ஒரு சின்னக் கம்பியோ ஸ்பிரிங்கோ போய், எல்.எஸ்.பி.வி. என்ற வால்வில் சேரும். தொட்டி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்து லோடு எவ்வளவு என்று அது புரிந்துகொண்டு, பின் பிரேக்குக்கு அழுத்தத்தை விடும். லிஃப்ட் போட்டதும் தொட்டி உயர்ந்துவிடும். வால்வுக்கு வண்டி எப்போதும் காலியாகவே தோன்றும். முழு லோடு இருந்தாலும் பின் பிரேக்குக்கு அழுத்தம் குறைவாகவே போகும். முன்பக்கம் முக்குளித்து, வண்டி நிற்கும் தூரம் கூடும். முன் பேடு சீக்கிரம் தேயும். மாஸ்டர் சிலிண்டரை மாற்றிப் பயனில்லை. லிஃப்ட் எவ்வளவோ அவ்வளவு அந்தக் கம்பியின் பிராக்கெட்டை நகர்த்தி, லிஃப்டுக்கு முன் இருந்த கோணத்துக்கு வால்வின் லீவரைக் கொண்டுவர வேண்டும். லிஃப்ட் போடும் முன்பே அந்த லீவரை ஒரு போட்டோ எடுத்துவைத்தால் வேலை சுலபம்.

பிரேக் ஹோஸை வண்டி நிற்கும்போது பார்த்து ஏமாறாதீர்கள். சேஸியைத் தூக்கி வீல் முழுவதும் தொங்க, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள். அப்போதும் ஹோஸ் தளர்வாக இருக்க வேண்டும். இழுபட்டால் நீள ஹோஸ் போட வேண்டும். ஹேண்ட்பிரேக் கேபிளும் அப்படித்தான்; இழுபட்டு நிற்கும் கேபிள் பின் டிரம்மைச் சூடாக்கி, லைனிங்கைத் தின்றுவிடும்.

குதிக்கிறது, சாய்கிறது

ஷாக் பழைய நீளத்திலேயே இருந்தால், பட்டை இறங்குவதற்குள் ஷாக் முடிந்துபோகும். வீல் அதைப் பிடித்துத் தொங்கும். நாளடைவில் ஷாக்கின் கண் அறும், இல்லாவிட்டால் சேஸியில் ஷாக்கை மாட்டியிருக்கும் முளை பிய்ந்து வரும். முழுத் தொங்கலிலும் முழு அமுக்கத்திலும் அளந்து, இரண்டுக்கும் மிச்சம் வைத்து ஷாக் வாங்குங்கள். கீழ்நோக்கித் தொங்கும் ஷேக்கிள் நேர்குத்தாக நின்றாலோ உள்பக்கம் பார்த்துச் சாய்ந்தாலோ கூட வண்டி கல் மாதிரி குதிக்கும்.

ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் இடவலப் பட்டைகளை மாற்றிப் போடுங்கள். தாழ்வு கூடவே மாறினால் பட்டை. மாறாவிட்டால் ஹேங்கர், புஷ் அல்லது சேஸி. ஒரு பக்கம் மட்டும் கூடுதல் பட்டை வைத்துச் சமன்படுத்துவது வேண்டாம்.

எதிரே வருபவர்கள் டிம் அடிக்கச் சொல்லி விளக்கை அடித்துக்கொண்டே போனால் உங்கள் ஹெட்லைட் மேலே பார்க்கிறது. சுவரில் வெளிச்சம் விழும் உயரத்தைப் பார்த்து இறக்குங்கள்.

லோடும் எஃப்.சி.யும்

பண்ருட்டியில் பலாப்பழ சீசன் வந்தால், "பட்டை ஒண்ணு கூட போட்டாச்சு, இன்னும் அரை டன் ஏத்தலாம்" என்ற பேச்சு வரும். இல்லை. ஆக்சில், பேரிங், டயர், பிரேக் எதுவும் மாறவில்லை. வண்டியின் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எடைதான் இப்போதும் எடை. முன்பு வண்டி படுத்துப்போய் "போதும்" என்று காட்டும். இப்போது நிமிர்ந்தே நிற்பதால் அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. பின் டயர் வெடிப்பதும் ஹப் ஒடிவதும் இப்படித்தான் நடக்கின்றன.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கடலூரின் டி.என். 31 பதிவு ஆனாலும் புதுச்சேரியின் பி.ஒய். 01 பதிவு ஆனாலும் சட்டம் ஒன்றுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி தந்த அசல் விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) நிற்க வேண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதைத்தான் முதலில் கேட்கும். ஆகவே உங்கள் வண்டியின் சொந்த உயரத்தைப் புதுப் பட்டையில் மீட்பதோடு நின்றால் எந்தச் சிக்கலும் இல்லை. அதற்கு மேல் போக நினைத்தால் வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். கழற்றிய அசல் ஷேக்கிளையும் டிராப் ஆர்மையும் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் கிரீஸ் தடவிச் சாக்கில் கட்டி வையுங்கள். திருப்பி மாட்டச் சொன்னால் அவை வேண்டும்.